கூரைக் காவலன்

பக்கத்து கோல்ஃப் மைதானத்துப் பந்துகள் எங்கள் மொட்டை மாடி சோலார் தகடுகளை உடைத்துக்கொண்டே இருந்தன. நான் இருக்கும் தோஹாவிலிருந்து ‘கூரைக் காவலன்’ என்ற கருவி ஒன்றை வாங்கி அனுப்பினேன். பறந்து வரும் எதையும் அது காற்றாலேயே அடித்து விரட்டிவிடும்.

அப்பாவின் முதல் திதியன்று அம்மா வீடியோவில் அழைத்தாள்.

“காக்காய்க்குச் சோறு வெச்சு எந்நேரமாக் கூப்புடறேன் கண்ணு, ஒண்ணுகூட வரமாட்டீங்குது. உங்கப்பனுக்கு எம்மேல கோவமா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கிருந்தே கைபேசியில் காவலனை அணைத்தேன்.

“அந்தக் காவலன்தான் வெரட்டியிருக்கும். நிறுத்திட்டேன், இப்பக் கூப்புடும்மா.”

“கா... கா...”

மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எங்கள் மாடியைப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை. அவை பயந்து பழகியிருந்தன.

படாரென்று சத்தம் கேட்டது.

“பந்துதான் கண்ணு. தகடு ஒண்ணு போச்சு. போனாப் போவுது, அந்தக் காவலனைத் திரும்பப் போட்டுறாத. நாளைக்கும் சோறு வெச்சுப் பாக்கறேன்.”