உட்கார்ந்து பார்த்த நகரம்

"ஐயோ, முட்டி!"

சுற்றுலாக் கூட்டம் மறுபடியும் நின்றது.

கடலோரம் இடிந்து கிடந்த அந்தப் பழைய நகரத்துக்குள் நுழைந்ததிலிருந்தே இதே பாட்டுதான். கோட்டை வாசலில் ஒரு தடவை, தானியக் கிடங்கில் ஒரு தடவை, இப்போது கப்பல்துறைப் படிக்கட்டில்.

பூப்போட்ட குடையை மடக்கிவிட்டு அந்த அம்மாள் கல்லில் சாய்ந்தாள்.

"சார், நீங்களும் உக்காருங்களேன். தனியா உக்கார ஒரு மாதிரியா இருக்கு."

"அதுக்கென்னம்மா!" என்று பக்கத்தில் உட்கார்ந்தார், கூட்டத்தில் வந்திருந்த ஓர் இன்ஜினியரின் அப்பா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

இன்ஜினியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முட்டி வலின்னா வீட்டோட இருக்க வேண்டியதுதானே? இவங்க ஒருத்தருக்காக இத்தனை பேரும் வெயில்ல காயணுமா?" என்று வழிகாட்டியிடம் பொருமினார்.

அம்மாள் காதிலும் விழுந்திருக்கும். அவளோ அப்பாவிடம் ரயில் கதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் கலங்கரை விளக்கம். மேல்பாதி இடிந்துபோய், படிகள் மட்டும் மிச்சம்.

"ஏற முடியாதவங்க கீழேயே இருக்கலாம்" என்றார் வழிகாட்டி.

"இங்கேருந்தே நல்லாத்தான் தெரியுது" என்று அப்பா ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினியர் மூச்சு வாங்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே குடையை விரித்துக்கொண்டு நின்றது யார்?

"நீங்களா! முட்டி வலின்னீங்க?"

"என் முட்டிக்கு என்ன கேடு? குத்துக்கல்லாட்டம் இருக்கு" என்று சிரித்தாள். "வாசல்லயே உங்கப்பாவுக்கு இரைக்க ஆரம்பிச்சிடுச்சு. 'உக்காருங்க'ன்னேன். 'என்னைப் பார்த்தா கிழவனாட்டமா இருக்கு?'ன்னு எகிறினார். அப்புறம்தான் எனக்கு முட்டி வலி வந்துச்சு!"

இன்ஜினியரின் முகத்தில் ஈயாடவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா" என்றவர், விறுவிறுவென்று இறங்கினார்.

அவரைப் பார்த்ததும் அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பஸ்ஸுக்குக் கிளம்பலாமாடா?"

"இருங்கப்பா. ஏறி இறங்கினதுல கால் ரொம்ப வலிக்குது."

மகன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அந்தம்மாவை அவ்வளவு பேச்சு பேசினியே, உன் லட்சணம் இதுதானா?" என்ற அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரி சரி, மெதுவா வா. உனக்காக நானும் கொஞ்சம் உக்காந்துக்கறேன்!"