பதிவாகிவிட்டது

"ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

நான் கத்தின கத்தல்ல, வராண்டாவில உட்கார்ந்திருந்த நோயாளிங்க எட்டிப் பார்த்தாங்க. பின்னே? என் திரையில 'பதிவாகிவிட்டது'ன்னு வந்து கண் மூடித் திறக்கல, ரெண்டு சர்வர் பெட்டியோட பிளக்கையும் வெடுக்குன்னு பிடுங்கிட்டா!

பிடுங்கினவ எங்க ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கற பொண்ணு. எப்பவும் கழுத்துல ஒயரைச் சுத்திக்கிட்டே அலையறதால எல்லாருக்கும் அவ 'ஒயர்'.

"பதறாதீங்க டாக்டர். ரெண்டுமே சோதனைப் பெட்டி. ஒண்ணு நம்ம சர்வருக்கு அச்சு அசல் ஜோடி. இன்னொண்ணு நான் வாங்கச் சொல்றது."

வரவேற்புல ஒரு ரகக் கம்ப்யூட்டர், லேப்ல ஒரு ரகம், என் மேஜையில இன்னொரு ரகம். மூணுல அடிக்கறதும் ஒரே சர்வர்லதான் போய்ச் சேரணும். இருக்கற சர்வர் தட்டினதும் பதியுது. அதை மாத்தியே தீரணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறா இவ.

"உன் புதுசு ஆமை மாதிரி நகருதே, அதையா வாங்கச் சொல்றே?"

"மெதுவாத்தான் இருக்கும் டாக்டர். ஆனா நம்பலாம்."

"பெட்டியில என்னம்மா இருக்கு? ஆளுங்க ஒழுங்கா இருக்கணும்! போன மாசம் அந்த வார்டு நர்ஸ் என்ன பண்ணினா? நோயாளிக்கு ஒரு ஊசி ஒத்துக்காதுன்னு பதியவே இல்ல. கேட்டா, பதிஞ்சேன் பதிஞ்சேன்னு கூசாம சாதிச்சா. அடுத்த ஷிப்ட்ல அதே ஊசியைப் போட்டு, அந்த மனுஷன் பிழைச்சதே மறுபிறப்பு. பொய் சொல்றவங்களை மட்டும் என்னால பொறுத்துக்கவே முடியாது. அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பினேன்!"

"அவங்க ஷிப்ட்லதான் கரெண்டும் போய், யு.பி.எஸ்ஸும் மக்கர் பண்ணிச்சு."

"ஆமா, சாக்குக்கு என்ன குறைச்சல்!"

ஒயர் பிளக்கைத் திரும்பச் சொருகினா. ரெண்டு பெட்டியும் எழுந்ததும், வரவேற்பு, லேப், நான்னு மூணு பேரும் சோதனைக்காக அடிச்ச பதிவுகளை ரெண்டுலயும் தேடினா.

புதுசுல மூணும் இருந்துச்சு.

எங்க சர்வரோட ஜோடிப் பெட்டியில வரவேற்போட பதிவு இருந்துச்சு. லேப்போடது இருந்துச்சு. என்னோடது இல்ல.

"நீங்க பதியலையோ டாக்டர்?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "என்னம்மா பேசறே? பதிஞ்சேன்! 'பதிவாகிவிட்டது'ன்னு வந்துச்சு, என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"இல்ல டாக்டர், நான் நம்பறேன். இந்தப் பெட்டி எழுதி முடிக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்னு சொல்லிடும். அதோட வேகமே அதுதான்."

கழுத்து ஒயரைக் கழட்டி மேஜையில வெச்சா.

"அந்த நர்ஸ் அக்காவும் இதே வார்த்தையைத்தான் சொல்லி அழுதாங்க. அவங்களைத்தான் நீங்க நம்பல."