எட்டாத சுவிட்ச்

சக்கர நாற்காலியில் வரும் ரெஜினாவுக்கு அந்த அலுவலகத்தில் மேசை, கம்ப்யூட்டர், சம்பளம் எல்லாம் உண்டு; வேலை மட்டும் கிடையாது. பார்வையாளர்கள் வந்தால் அட்டெண்டர் ஏகாம்பரம் மேசைக்கடியில் குனிந்து, அவளுக்கு எட்டாத சுவிட்சைப் போட்டு, திரையில் எதையாவது திறந்துவைப்பார். அவர்கள் போனதும் அணைத்துவிடுவார்.

ஒருநாள் அணைக்கக் குனிந்தவரை ரெஜினா தடுத்தாள். "இருக்கட்டும்ண்ணே, ஏதாவது செய்யறேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?"

மறுநாள் குடை கொண்டுவந்து, அதன் நுனியால் சுவிட்சை அழுத்தினாள். திரை விழித்து பாஸ்வேர்டு கேட்டது. அதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. தன் பெயரை அடித்தாள். தவறு. கம்பெனியின் பெயரை அடித்தாள். தவறு. அதற்குள் பார்வையாளர்கள் வந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்று அவளைப் படமெடுத்தார்கள்.

"நிறுத்தாம அடிங்க மேடம், படம் நல்லா வருது."

திரையில் கறுப்புப் புள்ளிகள் நீண்டுகொண்டே போயின.