ஏழு கிறுக்கல்கள்

ஓவியத்தை மனிதன்தான் வரைந்தான் என்று நிரூபிக்க, முதல் கோட்டிலிருந்து எல்லாக் கிறுக்கல்களையும் பக்கத்துத் திரையில் காட்டியாக வேண்டும் என்பது இப்போதைய சட்டம்.

விருது வாங்கிய என் ஓவியத்தில் அப்பா மார்பின் மேல் கைகோத்துத் தூங்குகிறார். அவருடைய கடைசி மதியம் அது.

கண்காட்சியில் தங்கை வளர்மதி திரையைப் பின்னோக்கி நகர்த்தினாள். பழைய கிறுக்கல்களில் அப்பாவின் கை, ஸ்டூலில் இருந்த டம்ளரை நோக்கி நீண்டிருந்தது.

"அண்ணா, அப்பா தண்ணி கேட்டாரா?"

அந்தக் கை அவ்வளவு அழகாக நீண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தால் கீழே இறங்கிவிடுமே என்று வரைந்துகொண்டே இருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

"ஏழு தடவ வரைஞ்சிருக்கே. ஏழுலயும் டம்ளர் நெறையத் தண்ணி அப்படியே இருக்கு."