வாசக்கதவு யாருக்கு

வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்த கொத்தனார், கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியோரம் குந்தியிருக்கிறார். சாயும் வெயில் புதுச் சுவரின் உச்சியில் மட்டும் நிற்கிறது. முழங்கை வரை அப்பிய கலவையைத் தேய்த்துக் கழுவ அவருக்குத் தெம்பில்லை. காதோடு போன். ஊரில் அண்ணனின் மனையில் இவர் சம்பாத்தியத்தில் எழுந்த வீடு இருக்கிறது. அந்த மனையை அண்ணன் விற்றுவிட்டாராம். மனைவி இப்போதுதான் சொன்னாள். பக்கத்தில் கொத்துக்கரண்டியைக் கழுவியபடி இதைக் கேட்கும் நெட்டையன் வேறு நாட்டுக்காரன், பேசுவது மட்டும் ஒரே தமிழ். "எங்க நாட்டுல மண்ணு ஒருத்தர் பேருல, வீடு இன்னொருத்தர் பேருல இருக்கலாம்ணே. தனித்தனிப் பத்திரம்," என்கிறான். "எங்க சட்டத்துல மண்ணு யாருதோ, மேல நிக்கிறதும் அவங்களுது. வக்கீல் அடிச்சுச் சொல்லிட்டாராம்," என்கிறார் கொத்தனார். "நீங்க எங்க நாட்டுல பொறந்திருக்கணும்ணே." "பொறந்து, சின்னதுலேர்ந்தே உன் பேச்சைக் கேட்டுத் தொலைச்சிருக்கணுமா?" கொத்தனாரின் சிரிப்பு பாதியில் இருமலாகிறது.

போனில் மனைவி கேட்கிறாள்: "வாசக்கதவையாவது கழட்டிக்கலாமாங்க? ஆசையா செஞ்சு போட்டீங்களே." "சுவத்தோட சேர்ந்ததெல்லாம் மண்ணோட போயிடும். சேராதது நம்மளுது. கட்டில், பீரோ, பாத்திரம்..." அங்கே அவள் அந்தக் கதவைக் கிறீச்சென்று சாத்துவது கேட்கிறது. "அப்ப நானும் பிள்ளைங்களும்கூட உங்களுதுதான். எங்களைச் சுவத்தோட வச்சுப் பூசலையே நீங்க," என்கிறாள். கொத்தனார் நிமிர்கிறார். யாருக்கோ நேற்று எழுப்பிய சுவர், இறுகுவதற்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் இல்லாமல் வெளுத்துக் கிடக்கிறது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வாளியைத் தொட்டிக்குள் விடுகிறார்.