நாற்காலிக்கு ஒரு பொன்னாடை

நகராட்சிப் பொறியாளர் மாசிலாமணியின் நாற்காலி முதுகில் ஒரு துண்டு கிடந்தது. பேருக்குத்தான் அது வெள்ளை. மழைக்காலம் வந்தால் மனிதர் அதை உருவித் தலையில் கட்டிக்கொண்டு, தண்ணீர் புகுந்த தெருக்களுக்குப் போய்விடுவார். ஒருமுறை சாக்கடையில் விழுந்த நாய்க்குட்டியைக்கூட அதில்தான் சுற்றித் தூக்கி வந்தார்.

"மத்த ஆபீஸ் துண்டெல்லாம் பளிச்சுனு இருக்கு. உன்னால எனக்கும் மானம் போகுது," என்று நாற்காலி அலுத்துக்கொள்ளும்.

"அவர் உன்மேல உட்கார்ந்தே நாலு நாளாச்சு. முதல்ல அதைச் சொல்லு," என்று துண்டு மடக்கிவிடும்.

ஓய்வுபெறும் நாளும் வந்தது. வார்டுக்கு ஒன்றாகப் பொன்னாடை போர்த்தினார்கள். சரிகை மின்னும் அந்தக் குவியலைக் கண்டதும் துண்டு நாற்காலி முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"நாளைக்குப் புது ஆபீசர், புதுத் துண்டு. இனி உன்னை யார் சீந்துவா? தரை துடைக்கப் போயிடுவே," என்றது நாற்காலி.

கூட்டம் கலைந்ததும் மாசிலாமணி பொன்னாடைகளைத் தெரு கூட்டும் பெண்களுக்குக் கொடுத்தார். ஒன்று மிஞ்சியது. அதை நாற்காலிக்குப் போர்த்தினார். பழைய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நாற்காலி கூச்சத்தில் கிறீச்சிட்டது. "எனக்கு எதுக்கு? நான் என்ன செஞ்சேன்?"

"இத்தனை வருஷமும் அவரைப் பிடிச்சு வச்சுக்காம விட்டியே," என்றது துண்டு, வாசலைத் தாண்டும்போது.