பூரணி பார்த்த டயர்

மேல்விஷாரம் டயர் கடை வாசலில் பகல் வெயில் கறுப்பு ரப்பர்மேல் பளபளக்கிறது. தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடையோடு சூடேறிய ரப்பர் வாடையும் கலந்து வருகிறது. நந்தகோபால் தன் மோரிஸ் மைனர் காருக்கு டயர் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டுக்கு வெளியே கட்டாந்தரையில் பந்தயம். நட்டுவைத்த கொடிகளை வளைந்து வளைந்து சுற்றி வர வேண்டும். போன வருஷம் ஒரு வளைவில் வண்டி வழுக்கிக் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பூரணிக்கு இடது கை முறிந்தது. அந்தக் கை இன்னும் முழுதாக நீளுவதில்லை.

தினமும் வேலைக்குப் போவதும் இதே வண்டியில்தான் என்பதால் அவன் கெட்டியான டயர் ஒன்றைத் தட்டிப் பார்க்கிறான். "அது ரெண்டு வருஷம் உழைக்கும் சார், ஆனா பிடிப்பு கம்மி," என்கிறார் கடைக்காரர் ரஹ்மத்துல்லா பாய். "இந்த மெது ரப்பரு தரையைக் கவ்விக்கும். தேய்றது ஜாஸ்தி." பூரணி குனிந்து மெது டயரில் நகத்தை அழுத்துகிறாள். பிறைபோல ஒரு தடம் பதிந்து மெல்ல மறைகிறது. "இந்த வாட்டி நீ வெளியவே நின்னு பாரு," என்கிறான் நந்தகோபால், அவள் முகத்தைப் பார்க்காமல். "இதைப் போட்டா நானும் ஏறுறேன். அதைப் போட்டா நீங்களும் ஏறக்கூடாது," என்கிறாள் பூரணி. குரலில் கோபம் இல்லை. அவன் கெட்டி டயரை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் சாய்க்கிறான். "இதுல நாலு எடுங்க பாய்," என்கிறான் மெது டயரைத் தொட்டுக் காட்டி.